பில்லுக்குக் கொடுத்த நம்பர்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் அணியும் வணிகர் அணியும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்களுக்காக இங்கே முழுமையாகத் தருகிறோம்.)

எதிரே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும், நாளைக்கோ நாளன்னைக்கோ நம்ம பக்கத்தில் இதைப் படிக்கப் போகிற உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் கூட்டம் என்றால் கோறாப் பட்டு விலை, ஜரிகை விலை, ஜிஎஸ்டி, விசைத்தறிப் போலி என்று பேசுவோம். பேசத்தான் வேண்டும். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதையெல்லாம் விவரமாகப் பேசிவிட்டார்கள். நான் வேறு ஒன்றைப் பேச அனுமதி கேட்டேன். தலைவர் பத்து நிமிஷம் என்றார். கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வக்கீல் இல்லை. கம்ப்யூட்டர் படித்தவனும் இல்லை. இந்த ஊரில் ஒரு பட்டுக் கடையில் பதினோரு வருஷம் பில் போட்டவன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். முதலாளி நல்ல மனுஷர். "போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கு தெரியாது. ஆடி போய் ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தக் கூட்டம். பெண்ணு, பெண்ணோட அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர். பில் போடும்போது நம்பர் கேட்பேன், சொல்வார்கள். "ஏன்?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. சாப்ட்வேரில் அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் முதலாளியோட மகன் வந்தார். "அண்ணே, கஸ்டமர் லிஸ்ட்டை எடுத்துக் கொடுங்க, வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கலாம்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பெயர், நம்பர், ஊர், கல்யாணத் தேதி, எத்தனை ரூபாய்க்கு எடுத்தார்கள், எல்லாம் ஒரே எக்செல் ஷீட். நல்ல வேலை செய்தோம் என்று எனக்குள்ளே பெருமை வேறு. இருநூற்றுச் சொச்சம் பேரை ஒரே குரூப்பில் போட்டார்கள். தினமும் காலையில் பத்துப் புடவை போட்டோ வரும்.

அந்தக் குரூப்பில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போனவள். குரூப்பில் இருக்கிற இருநூறு பேருக்கும் அவள் நம்பர் தெரியும், டிபியில் முகமும் தெரியும். எவனோ ஒருவன் அதிலிருந்து நம்பரை எடுத்து ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தான். பிளாக் செய்தாள். வேறு நம்பரில் வந்தான். வீட்டில் என்ன நடந்திருக்கும்? நம்ம ஊர் வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். "உன் நம்பர் அவனுக்கு எப்படிப் போச்சு?" என்று முதல் கேள்வி அவளைத்தான் கேட்டார்கள். நம்பரை மாற்று என்றார்கள். மாற்ற முடியுமா? பேங்க் அதில், ஆதார் அதில், வேலை செய்கிற இடத்தில் கொடுத்தது அது. கடைசியில் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

அவளோட அப்பா கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பில்லைக் காட்டி, "இதுக்குத்தானே நம்பர் கொடுத்தோம்?" என்று மட்டும் கேட்டார். முதலாளிக்கு நிஜமாகவே புரியவில்லை. "புடவை போட்டோதானேங்க போட்டோம், என்ன தப்பு செஞ்சோம்?" என்றார். அந்த லிஸ்ட்டை எடுத்துக் கொடுத்தவன் நான், கல்லாவுக்குப் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்றைக்கு அவர் கேட்ட ஒற்றைக் கேள்விதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் முழுக்க. எதற்காக ஒன்று கொடுக்கப்பட்டதோ, அதற்கு மட்டும்தான் அது நம்மிடம் இருக்கிறது.

முந்தி கடைகளில் பேரேடு இருந்தது. யார் எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் அதில் இருக்கும். ராத்திரி கடை சாத்தும்போது கணக்குப்பிள்ளை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு வீட்டுப் பாக்கியை இன்னொரு வீட்டுக்காரரிடம் சொன்னால் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் வேலை கிடைக்காது. சட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஊருக்குத் தெரியும். இன்றைக்கு அதே பேரேடு சேல்ஸ்மேன் தம்பியோட சொந்தப் போனில் இருக்கிறது. அவர் அடுத்த மாசம் எதிர்க்கடைக்கு வேலைக்குப் போனால் பேரேடும் கூடவே போகிறது. இல்லை என்று யாராவது கை தூக்குங்கள் பார்ப்போம்.

பட்டுக் கடைக்கு வருகிறவரின் விவரம் மளிகைக் கடை விவரம் மாதிரி கிடையாது. கல்யாணத் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. எத்தனை ரூபாய்க்குப் புடவை எடுத்தார்கள் என்பதிலிருந்து எத்தனை பவுன் போடுவார்கள் என்று ஊகிக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை வீடியோ காலில் பார்த்து ஆர்டர் கொடுத்திருந்தால், வீட்டில் வயசான அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். திருடனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடை பேரில் போலிப் பக்கம் ஆரம்பிக்கிறவர்களைப் பற்றி நாம் நிறைய பேசியிருக்கிறோம். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்கும் இணையத்தில் விசைத்தறிப் புடவையை நம்ம ஊர் பேரில் விற்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். போலிக்காரன் சும்மா ஒரு மெசேஜ் அனுப்பினால் யாரும் ஏமாற மாட்டார்கள். "நீங்கள் போன வாரம் எடுத்த மயில் கழுத்துக் கலர் கோர்வைப் புடவை கொரியரில் நிற்கிறது, டெலிவரிக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வந்தால்? படித்தவரும் அனுப்பிவிடுவார். அவன் கையில் லிஸ்ட் இருந்தால்தான் அப்படி எழுத முடியும். லிஸ்ட் நம்மிடமிருந்துதான் போயிருக்கும். இந்த மாதிரி ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நாலு நாள் கழித்து அழுதுகொண்டு வந்தால் பணம் அதற்குள் பத்துக் கணக்கு தாண்டியிருக்கும்.

பெரிய கம்பெனிகளிடம் விவரம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2021 மே மாதம் டோமினோஸ் பீட்சா வாடிக்கையாளர்களின் ஆர்டர் விவரங்கள், 18 கோடி ஆர்டர் என்றார்கள், இணையத்தில் வந்தன. ஒரு போன் நம்பரைத் தட்டினால் அவர் எந்த முகவரிக்கு, எப்போது வரவழைத்துச் சாப்பிட்டார் என்று காட்டியது. யாரும் யாரையும் தேடலாம். பழைய சிநேகிதியைத் துரத்துகிறவனும் தேடலாம். 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்களை டெலிகிராமில் ஒரு பாட் வழியாக விலை பேசினார்கள். மூன்று கோடிப் பேருக்கு மேல் விவரம் தன்னிடம் இருப்பதாக ஹேக் செய்தவன் சொல்லிக்கொண்டான். மருத்துவ அறிக்கை, முகவரி, அடையாள அட்டை. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. தடை வாங்கலாம். வெளியே போன மருத்துவ அறிக்கையைத் திரும்பி உள்ளே வாங்க முடியுமா?

அரசாங்கம் மட்டும் ஒழுங்கு என்றும் சொல்ல வரவில்லை. 2021இல் நம்ம மாநில ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கிடக்கிறது என்று ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. நெசவாளர் வீடுகளும் அந்த ரேஷன் கடை வரிசையில்தான் நிற்கின்றன.

இப்போது உங்கள் கடையோட வெப்சைட்டுக்கு வருவோம். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. தெரியாததில் தப்பில்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெப்சைட் செய்து கொடுத்த பையன், "விளம்பரம் நல்லா ஓடணும்னா இதைப் போடணும் சார்" என்று பக்கத்துக்குள்ளே ஒரு சின்ன நிரல் வைத்திருப்பார். அதற்குப் பிக்சல் என்று பேர். கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் ஒரு பெண் எந்தப் புடவையைப் பார்த்தாள், எத்தனை நேரம் பார்த்தாள், எதைக் கூடையில் போட்டுவிட்டு விட்டுப் போனாள் என்பதையெல்லாம் அது பேஸ்புக்குக்கு, அதாவது மெட்டா கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பெண் அரக்குக் கலர் முகூர்த்தப் புடவை பார்த்தாள் என்றால், மறுநாளிலிருந்து அவள் போனில் மண்டபம், நகைச் சீட்டு, மேக்கப், போட்டோகிராபர், ஹனிமூன் பேக்கேஜ். வீட்டில் இன்னும் யாரிடமும் கல்யாணப் பேச்சைச் சொல்லியிருக்க மாட்டாள். போனுக்குத் தெரிந்துவிட்டது.

இதில் உங்களுக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது, கடைக்காரத் தோழர்களே. உங்கள் கடைக்கு வந்த வாடிக்கையாளரைப் பற்றி நீங்களே தகவல் அனுப்பிவிடுகிறீர்கள். அந்தத் தகவலை வைத்து அதே பெண்ணுக்கு உங்கள் போட்டிக் கடை விளம்பரத்தைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். உங்கள் கடை வாசலில் நிற்கிற புரோக்கர், உள்ளே வந்தவரின் கையைப் பிடித்து அடுத்த தெருக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனால் சும்மா விடுவீர்களா? கோயில் வாசலில் ஆட்டோக்காரருக்குக் கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்கிற வேலையை எதிர்த்து எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம்! இந்தப் புரோக்கரை நாமே கடைக்குள்ளே ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

ஒருத்தர் கொடுத்த அனுமதியில் ஊரே மாட்டும் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இருக்கிறது. 2018இல் பேஸ்புக்கே சொன்ன கணக்கு: இந்தியாவில் அந்த ஆப்பைப் போட்டவர்கள் 335 பேர். அவர்கள் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஐந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் பேர். நண்பர்கள் பட்டியல் வழியாகப் போனது. வாட்ஸ்அப் 2021இல் தன் கொள்கையை மாற்றி, ஒத்துக்கொள் இல்லாவிட்டால் போ என்கிற மாதிரி நின்றது ஞாபகம் இருக்கும். இந்தியப் போட்டி ஆணையம் அதற்காக 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. நான் சொல்ல வருவது, அவர்கள் அளவுக்குப் பெரிய ஆளிடம் கேட்கிற கேள்வியை நம்ம கடைக்காரரிடம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

சட்டம் வந்துவிட்டது. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, எண்பது வயசைத் தாண்டிய பிறகு, 2012இல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே கிடையாது என்று மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பு சொன்னார்கள். அதற்குப் பிறகு கமிட்டி, மசோதா, வாபஸ், மறுபடி மசோதா என்று இழுத்து, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாசம், அதாவது 2027 மே.

இந்தச் சட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது, படித்தபோது எனக்கு அந்த அப்பா ஞாபகம்தான் வந்தது. ஒருவர் மருந்துக் கடையில் பணம் கட்டிவிட்டு, ரசீதை என் போனுக்கு அனுப்புங்கள் என்று நம்பர் கொடுக்கிறார். ரசீது அனுப்புவதற்கு அந்த நம்பரைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். மருந்துக் கடை என்று இருக்கிற இடத்தில் பட்டுக் கடை என்று போட்டுப் படியுங்கள். பில் அனுப்பலாம். தீபாவளி ஆஃபர் அனுப்ப வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். அவர் சரி என்று சொல்ல வேண்டும். பேசாமல் இருந்ததைச் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம் வேண்டாம் என்று சொன்னால், சரி சொன்னது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக விலகவும் முடிய வேண்டும்.

இன்னொன்று. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்கிற அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் போதாது. எட்டாவது அட்டவணையில் இருக்கிற மொழி எதிலும் கேட்டுப் பெறுகிற உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது. அதில் தமிழும் உண்டு. நம்ம ஊர்க் கடைகளின் வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். அடியில் குட்டி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கொள்கை இருக்கும். அமெரிக்கக் கம்பெனி ஒன்றிலிருந்து நகல் எடுத்து ஒட்டினது. ஒரு கடையில் அந்த அமெரிக்கக் கம்பெனி பேரைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார்கள், சத்தியமாகச் சொல்கிறேன். நம்ம கட்சிக்காரர்கள் யாராவது தமிழில் எழுதிப் போடுகிற முதல் கடையாக இருங்கள். நாலு வரி போதும். "பில் அனுப்பவும், புடவையில் குறை வந்தால் தொடர்புகொள்ளவும் உங்கள் எண்ணை வாங்குகிறோம். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். கொடுக்க விருப்பம் இல்லாவிட்டாலும் பில் உண்டு." ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. இதை எழுதுவதில் என்ன கஷ்டம்?

கடைசி வரியைக் கவனியுங்கள். நம்பர் தராவிட்டால் பில் கிடையாது என்று சொல்லக் கூடாது என்பதை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே வியாபாரிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. நீங்கள் வாங்குகிற இடத்தில் நம்பர் கேட்டால், "எதுக்குங்க?" என்று கேளுங்கள். கோபமாக வேண்டாம், சிரித்துக்கொண்டே கேளுங்கள். பில் போடுகிற பிள்ளை என்னைப் போல ஒருத்தன்தான், அவனுக்கும் காரணம் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் அவன் முதலாளியிடம் கேட்பான்.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. இதில் நமக்குச் சண்டை இருக்கிறது. விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் யாருக்கு? இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசாங்கக் கஜானாவுக்கு. ராத்திரியில் போன் வந்து அழுத அந்தப் பெண்ணுக்கு ஒரு ரூபாய் கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அலட்சியத்தால் நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்றது. அதை இந்தப் புதுச் சட்டம் எடுத்துவிடுகிறது. மாறாக, பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாமாம். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கவே ரெண்டு தடவை யோசிப்பார்.

அரசாங்க அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க மத்திய அரசு தன் கையில் அதிகாரம் வைத்துக்கொண்டிருக்கிறது. புகாரை விசாரிக்கிற வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே மத்திய அரசு. இதோடு சேர்த்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் மாற்றிவிட்டார்கள். முந்தி, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே ஒரு வழி இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்று ஒரே வார்த்தையில் மூடிவிடலாம். சொசைட்டியில் யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்று நாளைக்கு ஒரு நெசவாளர் கேட்டால், "அது தனிநபர் தகவல்" என்று பதில் வரக்கூடும். நெசவாளரோட ஆதார் நகல் ஊரெல்லாம் சுத்தும், அதிகாரியோட கணக்கு மட்டும் அந்தரங்கம். இந்த அநியாயத்தைத்தான் தெருவுக்குக் கொண்டு போக வேண்டும்.

ஆதார் நகல் என்றதும் நெசவாளர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இலவச மின்சாரம், அடையாள அட்டை, முத்ரா கடன், எதற்குப் போனாலும் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பு என்கிறார்கள். நாமும் அனுப்புகிறோம். 2022 மே மாசம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. ரெண்டே நாளில் அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார்கள், அது வேறு கூத்து. ஆனால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் என்று ஒன்று இருக்கிறது, ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஏற்கிற இடத்தில் அதைக் கொடுங்கள். ஏற்காவிட்டால் நகலின் மேலேயே, எந்த வேலைக்கு, என்ன தேதி என்று பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு பழக்கம் புதுசாக வந்திருக்கிறது. கடைக்காரர் கேமராவோடு தறி இருக்கிற வீட்டுக்குள்ளே வருகிறார். அம்மா பாவு பிணைக்கிறார், ஐயா தறியில் உட்கார்ந்திருக்கிறார், குழந்தை ஓரத்தில் படிக்கிறது. ரீல்ஸ் எடுத்து, பேர், ஊர், தெரு எல்லாம் போட்டு இன்ஸ்டாகிராமில் விடுகிறார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். புடவை விற்கிறது. அந்த வீட்டுக்காரரிடம் யாராவது கேட்டார்களா? கூலி கொடுத்தது புடவைக்கு. முகத்துக்கு இல்லை. குழந்தை விஷயத்தில் சட்டம் இன்னும் கறார்: 18 வயசுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். கடைக்கு வந்த குழந்தைக்குப் பட்டுப் பாவாடை போட்டு அழகு பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதற்கும் இதுதான். அழகாகத்தான் இருக்கிறது, நானும் லைக் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் புடவையை மட்டும் படம் எடுங்கள்.

கடைக்காரர்கள் நாளைக்குக் காலையிலேயே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன, காசு செலவே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பைக் கலைத்துவிட்டு, கேட்டவர்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது சேனல் ஆரம்பியுங்கள். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. கடை வாட்ஸ்அப்பைக் கடைக்கென்று ஒரு போனில் வையுங்கள். இணைத்த சாதனங்கள் என்று அமைப்புகளில் இருக்கும், திறந்து பாருங்கள். போன வருஷம் வேலையை விட்டுப் போன தம்பியோட லேப்டாப் இன்னும் அதில் இருக்கும், பந்தயம். கூகுள் ஷீட்டில் ஆர்டர் எழுதுகிறவர்கள், லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கல்யாணம் முடிந்து, புடவையும் போய், குறைப் புகார் காலமும் முடிந்த வாடிக்கையாளரின் கல்யாணத் தேதி உங்களுக்கு எதற்கு? அழியுங்கள். பில்லும் கணக்கும் வரிச் சட்டத்துக்கு வேண்டும், அதை வையுங்கள். மணப்பெண் பேரும் தேதியும் வரிக்காரருக்கு வேண்டியதில்லை. ஒருவேளை லிஸ்ட் வெளியே போய்விட்டால் மறைக்காதீர்கள். வாடிக்கையாளருக்கு நீங்களே சொல்லுங்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. அவமானம் என்று பார்த்தால், போலிக்காரன் அவர்களைக் கூப்பிட்ட பிறகு வருகிற அவமானம் இதைவிடப் பெரிசு.

பெரிய கடைகள் வக்கீல் வைத்துக்கொள்ளும். நாலு தறி வைத்துக்கொண்டு இன்ஸ்டாவில் விற்கிற தம்பி, தங்கைகள் என்ன செய்வார்கள்? கூட்டுறவு சங்கங்கள் என்ன செய்யும்? அவர்களுக்குத் தமிழில் ஒரு மாதிரி அறிவிப்பும், பயிற்சியும் கைத்தறித் துறை மூலமாகவே கொடுக்க வேண்டும் என்று நம்ம மாவட்டத்தின் சார்பில் மனு தயார் செய்திருக்கிறோம். கையெழுத்து வாங்குகிற தோழர்கள் கதவோரம் நிற்கிறார்கள். கையெழுத்து மட்டும் போதும். நம்பர் எழுத வேண்டாம், அந்தக் கட்டத்தை நானே அடித்துவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், தலைவர் கோபிக்கக் கூடாது. 2021இல் புதுச்சேரித் தேர்தல் நேரத்தில், ஆதாரோடு இணைத்த போன் நம்பர்களுக்கு மட்டும் ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குரூப் லிங்க் எப்படி வந்தது என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிமன்றம் அந்தப் புகாரை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கைக் காட்டி அவர்களைத் திட்டுவது சுலபம். நாம் என்ன செய்கிறோம்? உறுப்பினர் படிவத்தில் நம்பர், வயசு, தெரு, சில இடத்தில் வாக்காளர் அட்டை எண். அதைப் போட்டோ எடுத்துக் கிளைக் குரூப்பில் போடுகிறோம். கிளைக் குரூப்பில் இருந்து ஒன்றியக் குரூப், அங்கேயிருந்து எங்கே போகிறதோ யாருக்குத் தெரியும்? பெண்கள் படிவம் கொடுக்கத் தயங்குகிறார்கள், மகளிர் அணி வளரவில்லை என்று போன கூட்டத்தில் வருத்தப்பட்டோம் இல்லையா? காரணத்தை நான் அந்தப் பெண்ணின் வீட்டில் பார்த்தேன்.

அதனால் நம்ம கிளையில் போன வாரம் ஒரு முடிவு எடுத்தோம். படிவம் போட்டோவாகப் போகாது. கிளைச் செயலாளர் கையில் காகிதமாகவே இருக்கும், பெட்டியில் பூட்டி. பழைய குரூப்பில் இருந்த படங்களை உட்கார்ந்து அழித்தோம், மூணு மணி நேரம் ஆனது. அதிலும் முழுசாகப் போயிருக்காது, ஏற்கெனவே இறக்கி வைத்தவர்கள் போனில் இருக்கும். மற்ற கிளைகளும் செய்யுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நம்ம கடைப் புடவையைத்தான் கட்டினாள். நான் போயிருந்தேன். நம்பரை மாற்றிக்கொண்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதைப் பக்கத்தில் படிக்கிற தோழர்களுக்கு: உங்கள் கடைக்கோ சொசைட்டிக்கோ தமிழ் அறிவிப்பு எழுத உதவி வேண்டுமானால் கீழே எழுதுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். நம்பரைக் கீழே போடாதீர்கள். இன்பாக்ஸுக்கு வாருங்கள்.